இந்த மரச்செதுக்குப் படம் லியோனார்டோவுடையது இல்லை

வட்டத்துக்குள் சதுரம், அதற்குள் கைகாலை விரித்து நிற்கும் மனிதன். ‘லியோனார்டோ டா வின்சி அச்சிட்ட கட்டடக்கலைப் புத்தகம்’ என்ற குறிப்போடு இந்தப் படம் சுற்றி வருகிறது, தயவுசெய்து பகிராதீர்கள். இது 1521இல் இத்தாலியின் கோமோவில் அச்சான, பண்டைய ரோமானியக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸின் நூலில் உள்ளது, மொழிபெயர்த்து உரை எழுதியவர் செசாரே செசாரியானோ. லியோனார்டோ 1519லேயே இறந்துவிட்டார். அவருடையது சுமார் 1490இல் தாளில் மையால் வரைந்த தனிச் சித்திரம், வெனிஸில் இருக்கிறது. உற்றுப் பார்த்தாலே தெரியும்: செசாரியானோவின் மனிதன் சதுரத்தின் நான்கு மூலைகளையும் எட்டவேண்டும் என்பதற்காகக் கைகளையும் பாதங்களையும் இழுத்து நீட்டியிருக்கிறார்கள், லியோனார்டோவோ வட்டத்துக்கும் சதுரத்துக்கும் வெவ்வேறு மையம் வைத்து அந்தச் சிக்கலையே தவிர்த்துவிட்டார். அப்புறம், படங்களோடு வந்த முதல் விட்ருவியஸ் பதிப்பு இதுதான் என்பதும் தவறு. இத்தாலியக் கட்டடக்கலைஞர் ஃப்ரா ஜொகோண்டோ 1511லேயே படங்களோடு ஒன்றை வெனிஸில் வெளியிட்டுவிட்டார். பழைய ரோமானிய நூலுக்கு விளக்கமாக மிலான் பேராலயத்தின் கோதிக் (இடைக்கால ஐரோப்பியக் கட்டடப் பாணி) அமைப்பையே வரைந்து சேர்த்தாரே, செசாரியானோவை அதற்காகக் கொண்டாடலாம்.