எந்தக் காலேஜ் என்று கேட்காதீர்கள், பதில் சொல்லுங்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள், மீதிப் பேர் வீடியோவைப் பார்த்துவிட்டீர்கள். ஆனால் நேற்று ராத்திரி அந்த வீடியோவுக்குக் கீழே வரிசையாக விழுந்திருந்த சிரிப்புப் பொம்மைகளைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "யூடியூப் யுனிவர்சிட்டி கோல்டு மெடலிஸ்ட்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்குக் கை தட்டியவர்களில் இரண்டு பேர் பள்ளிக்கூட ஆசிரியர்கள்.

நடந்தது இவ்வளவுதான். நம் சேலத்துச் சேர்வராயன் மலை எரிமலை வெடித்து உண்டானது என்று மேடையில் இருந்தவர் சொன்னார். கேள்வி நேரத்தில் கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு தம்பி எழுந்து, "ஐயா, இந்த மலை சார்னோகைட் பாறைன்னு பாடத்துல கேட்டேனுங்க. அது பூமிக்கு அடியில ரொம்ப ஆழத்துல உண்டான பாறை இல்லைங்களா? அப்ப எரிமலைன்னு எப்படிங்க?" என்றார். குரலில் துளி மரியாதைக் குறைவு இல்லை. வந்த பதில்: "தம்பி எந்தக் காலேஜ்?" காலேஜ் போகவில்லை, கொலுசுப் பட்டறையில் வேலை, ஆன்லைனில் ஐஐடி பாடம் கேட்கிறேன் என்று அவர் சொன்னதும், "ஓ, யூடியூப்பா!" கூடம் முழுக்கச் சிரிப்பு. மைக் அடுத்த ஆளிடம் போய்விட்டது. தம்பி உட்கார்ந்துவிட்டார்.

கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். கேட்டவர் என்ன படித்திருக்கிறார் என்பது கேள்விக்குப் பதில் ஆகாது. இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான்.

இத்தனைக்கும் தம்பி கேட்டது சரியான கேள்வி. ஏற்காடு போகும் பாதையில் கொண்டை ஊசி வளைவுக்காக மலையை வெட்டி விட்டிருக்கும் இடத்தில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். வெளித்தோல் மழை வெயில் பட்டுப் பழுப்பாக இருக்கும். புதிதாக உடைந்த இடத்தைப் பாருங்கள், பச்சையும் சாம்பலும் கலந்த கறுப்பு, மேலே ஒரு எண்ணெய் மினுமினுப்பு. அதுதான் சார்னோகைட். ஹைபர்ஸ்தீன் என்ற கனிமம் இருப்பது இதன் அடையாளம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்த தாமஸ் ஹாலந்து 1893ல் இதற்குப் பெயர் வைத்தார். கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்பவருடைய கல்லறைக் கல் இந்த வகைப் பாறை, அதனால் அந்தப் பெயர். ஹாலந்து இதைத் தீப்பாறை, அதாவது உருகிய குழம்பு இறுகி உண்டான பாறை என்றே நினைத்தார். ஆனால் அவரும் ஆழத்தில் இறுகிய குழம்பு என்றுதான் சொன்னார், எரிமலை என்று சொல்லவில்லை. பின்னால் வந்தவர்கள், பூமியின் அடி ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை என்று காட்டினார்கள். நம் மலைப் பாறைக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு. மேலே இருந்ததெல்லாம் அரித்துப் போய், அடியில் கிடந்தது இன்று நமக்கு மலையாக நிற்கிறது. மலை உச்சியில் அலுமினியம் எடுக்கும் பாக்சைட் இருப்பதும் இதே கதையின் தொடர்ச்சிதான். காலம் காலமாக மழை இறங்கி இறங்கி, பாறையில் இருந்த சிலிக்காவைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டது. அலுமினியம் உள்ள மண் மட்டும் தங்கிவிட்டது. அதைத்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்கு லாரி லாரியாக இறக்கினார்கள்.

பாருங்கள், "தம்பி, நல்ல கேள்வி" என்று ஆரம்பித்திருந்தால் அன்றைக்கு அந்த மேடையில் பேச எவ்வளவு இருந்தது! நூறு வருடத்துக்கு மேல் அறிஞர்கள் சண்டை போட்ட விஷயம். அத்தனையும் "எந்தக் காலேஜ்" என்ற இரண்டு சொல்லில் போயிற்று.

அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். பட்டறையில் கொலுசுக்குக் கண்ணி பற்றவைக்கும் வேலை. ஒரு காதில் இயர்போன், மறு காது முதலாளி கூப்பிட்டால் கேட்பதற்கு. பாடத்தை வேலை நேரத்தில் ஒரு தடவை காதால் மட்டும் கேட்டுக்கொள்வார், ராத்திரி அதையே திரும்பப் போட்டு, படம் பார்த்து நோட்டில் எழுதுவார். அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பாறைகளின் படம் வரைந்து, ஓரத்தில் வெள்ளிப் பொடி ஒட்டிய விரல் தடத்தோடு இருக்கும். புரியாத இடத்தில் சிவப்புப் பேனாவால் கேள்விக்குறி போடுவார். அப்படி ஒரு கேள்விக்குறிதான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றது.

"யூடியூப்பில் கண்டதும் கிடக்கிறது, எது நிஜம் எது பொய் என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று கேட்பீர்கள். கண்டதும் கிடக்கிறதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்டது கண்டதை இல்லை. அவர் கேட்டது, ஐஐடி பாடங்களை ஆன்லைனில் இலவசமாகப் போடும் என்பிடெல். அது 2003ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து மத்திய அரசுப் பணத்தில் தொடங்கியது. உங்கள் வரி, என் வரி, கொலுசு விற்றால் கட்டுகிற வரி, எல்லாம் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லாருக்கும் திறந்துவிடப் போவதாக 2001ல் அறிவித்தது. வகுப்புக் குறிப்பு, வீட்டுப்பாடக் கணக்கு, பழைய தேர்வுத் தாள் எல்லாம் சேர்த்துப் போட்டார்கள். அங்கேயே யேல் பல்கலைக்கழகம் 2007ல் போட்டது. அந்த வகுப்பறையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன பாடமோ அதே பாடம்தான் சேலத்தில் இருப்பவருக்கும். அதில் படித்தவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அதை நடத்திய பேராசிரியரைப் பார்த்தும் சிரிப்பார்களா?

அதோடு, இதே கல்லூரிகள் தங்கள் மாணவர்களை என்பிடெல் சான்றிதழ் வாங்கி வரச் சொல்லித் துரத்துகின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிப்படி, ஒரு பருவத்தில் 40 விழுக்காடு பாடங்கள் வரை ஸ்வயம் என்ற அரசு ஆன்லைன் பாடத் தளம் வழியாகவே எடுக்கலாம். கல்லூரிப் பிள்ளை கேட்டால் அது மதிப்பெண், பட்டறைப் பையன் கேட்டால் அது யூடியூப். இது என்ன நியாயம்?

செய்முறை இல்லையே, ஆய்வகம் இல்லையே என்பார்கள். உண்மை. வீடியோ பார்த்து யாரும் நுண்ணோக்கியில் பாறைத் துண்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ள முடியாது. வேதியியலும் அப்படித்தான். இதில் நான் வாதாடப் போவதில்லை. ஆனால் ஆய்வகக் கதவை இவருக்குத் திறந்துவிட யாராவது தயாராக இருக்கிறீர்களா?

பலர் நாலு பாடம் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்களாம். விடட்டுமே. நாலு பாடமாவது பார்த்தார்கள்.

இன்னொரு கேள்வி என்னை நேராகவே கேட்டார் ஒரு நண்பர். "அப்ப காலேஜே வேண்டாங்கறீங்களா?" இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுத முடியாது. காலேஜ் வேண்டாம் என்று நான் சொல்வேனா? பிளஸ் டூவில் இயற்பியலில் நல்ல மதிப்பெண் வைத்திருந்தேன். அப்பாவுக்கு அம்மாபேட்டையில் தறி. எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, புகைப்படமும் ஒட்டி வைத்திருந்தேன். போக விடவில்லை. அஞ்சல் வழியில் பி.காம் படித்து, இன்று வரை ஒரு ஜவ்வரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். வேலையைக் குறை சொல்லவில்லை, என் பிள்ளைகளைப் படிக்க வைத்த வேலை அது. ஆனால் காலேஜ் வாசலை வெளியில் இருந்தே பார்த்துப் பஸ்ஸில் போனவளிடம் வந்து காலேஜின் அருமையைச் சொல்லாதீர்கள். எனக்குத் தெரியும்.

எனக்கு இயற்பியல் திரும்பக் கிடைத்தது யேலின் ராமமூர்த்தி சங்கர் வகுப்பில். சென்னை ஐஐடியில் மின் பொறியியல் படித்துவிட்டு இயற்பியலுக்குப் போனவர் அவர். கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதி, ஏன் இந்த வரிக்கு அடுத்து அந்த வரி என்று சொல்லிக்கொண்டே போவார். சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, எல்லாரும் படுத்த பிறகு பார்ப்பேன். புரியாவிட்டால் நிறுத்தி, பின்னால் தள்ளித் திரும்பக் கேட்கலாம். எந்த வாத்தியாரும் என்னைச் சலித்துக்கொள்ளாத வகுப்பு எனக்கு வாழ்க்கையில் அதுதான். அப்புறம் சென்னை ஐஐடி வி. பாலகிருஷ்ணனின் பாடங்கள். அவர் குரலுக்கென்றே ஒரு கூட்டம் உண்டு, நானும் அதில் ஒருத்தி.

அறிவியல் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஹார்வர்டில் மைக்கேல் சாண்டல் நீதியைப் பற்றி நடத்துகிற பாடத்தின் முதல் வகுப்பு ஒரு டிராம் வண்டியில் ஆரம்பிக்கும். பிரேக் பிடிக்கவில்லை. நேரே போனால் தண்டவாளத்தில் வேலை செய்யும் ஐந்து பேர் சாவார்கள், பக்கத் தடத்தில் திருப்பினால் ஒருவர். திருப்புவீர்களா? இதை மண்டியில் மத்தியானச் சாப்பாட்டின்போது சொன்னேன். எல்லாரும் திருப்புவோம் என்றார்கள். சரி, நீங்கள் வண்டியில் இல்லை, பாலத்தின் மேல் நிற்கிறீர்கள், பக்கத்தில் நிற்கும் ஒருவரைக் கீழே தள்ளினால் வண்டி நின்றுவிடும், ஐந்து பேரும் பிழைப்பார்கள், தள்ளுவீர்களா என்றேன். ஒருத்தரும் தள்ள மாட்டேன் என்றார்கள். கணக்கு அதேதானே, ஒன்றுக்கு ஐந்து? மூட்டை தைக்க வரும் ஒரு அம்மா, எழுதப் படிக்கத் தெரியாதவர், சொன்னார்: "திருப்புறப்ப வண்டி கொல்லுது. தள்ளுறப்ப நான் கொல்றேன்." ஹார்வர்டு மாணவர்கள் திணறியது இந்த இடத்தில்தான். அங்கிருந்துதான் சாண்டல், அதிகம் பேருக்கு நன்மை தருவதே சரி என்ற பெந்தாமுக்கும், விளைவு எதுவானாலும் சில செயல்கள் தவறுதான் என்ற காண்ட்டுக்கும் போவார். அந்த அம்மாவிடம் எந்தக் காலேஜ் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

என் அம்மா இறந்த வருடம் நான் யேலின் ஷெல்லி கேகன் மரணத்தைப் பற்றி நடத்தும் தத்துவப் பாடத்தைக் கேட்டேன். மேசை மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து பேசுவார். ஆன்மா என்று ஒன்று இல்லை என்பது அவர் கட்சி. எனக்கு அதில் இன்றும் உடன்பாடு இல்லை. ஆனால் நாம் இருக்கும் வரை மரணம் இல்லை, மரணம் வந்தபின் நாம் இல்லை, பிறகென்ன பயம் என்று பழைய கிரேக்கத் தத்துவ அறிஞர் எபிக்யூரஸ் சொன்னதை எடுத்துவைத்து, அப்படியானால் சாவு எதனால் கெட்டது என்று அவர் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. வாழ்ந்திருந்தால் கிடைத்திருக்கும் நல்லதை அது பறித்துவிடுகிறது, அதனால் கெட்டது என்பது அவர் ஏற்கும் பதில். அம்மாவுக்குப் பேத்தி கல்யாணம் பார்க்கக் கிடைக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் யாரும் எனக்குச் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வகுப்பில் சொன்னார். இதைத்தான் யூடியூப் என்று சிரிக்கிறீர்கள்.

எழுத எழுத எங்கேயோ போகிறேன், போகட்டும். உண்மையாகவே கனமான ஒரு ஆட்சேபம் இருக்கிறது. அதை இந்தச் சிரித்தவர்கள் யாரும் கேட்கவில்லை. இத்தனை பாடமும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எனக்கே முதலில் பாதி புரியாது, திரையில் எழுத்து ஓட விட்டு, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். அந்தத் தம்பியும் அப்படித்தான். என்பிடெல்லில் சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது, நல்லது, ஆனால் போதாது. ஆங்கிலம் வராத காரணத்தால் பட்டறையிலும் தறிக்கூடத்திலும் மலைமேல் காப்பித் தோட்டத்திலும் எத்தனை பிள்ளைகள் ஆரம்பத்திலேயே விட்டிருப்பார்கள்?

அதனால் சேலத்துக் கல்லூரி ஆசிரியர்களிடம் நேராகவே கேட்கிறேன். 1857ல் தொடங்கிய கலைக் கல்லூரி இந்த ஊரில் இருக்கிறது. 1997ல் வந்த பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டிலும் நிலவியல் துறை உண்டு. காலடியில் மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல், தலைக்கு மேல் சார்னோகைட், உச்சியில் பாக்சைட். வெளிநாட்டில் இருந்து வந்து இந்தப் பாறைகளைப் படிக்கிறார்கள். உங்களில் ஒருவர், ஒரே ஒருவர், ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கி மலை ஏறிக்கொண்டே தமிழில் பாடம் நடத்திப் பதிவு செய்து எல்லாரும் பார்க்கும்படி போடக் கூடாதா? கேலி செய்ய ஆகும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் கூட ஆகும்.

செலவைப் பற்றி யோசிக்க வேண்டாம். வண்டி நான் ஏற்பாடு செய்கிறேன். சட்டையில் மாட்டும் மைக் ஒன்று வாங்கித் தருகிறேன். படம் எடுக்க என் பையன் வருவான். நீங்கள் சுத்தியலோடு வந்தால் போதும், எந்த நாள் என்று உள்பெட்டியில் சொல்லுங்கள்.