டிம்புல்ஸ்லோகோ மக்களிடம் ‘ஏன் கிளம்பவில்லை’ என்று கேட்பவர்களுக்கு

சில நாட்களாக அந்த ட்ரோன் காணொளிதான் திரும்பிய பக்கமெல்லாம் வந்து நிற்கிறது. எதைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். இருபுறமும் தண்ணீர், நடுவில் மரப்பலகை நடைபாதை, ஓட்டு வீடுகள், மெல்லிய பின்னணி இசை, மேலே ‘ஜாவாவின் மிதக்கும் கிராமம்’ என்ற தலைப்பு. அதைப் பகிர்ந்ததில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அதன் கீழே நண்பர்கள் எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் சும்மா இருக்க முடியவில்லை. ‘தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரிகிறதே, ஏன் இன்னும் கிளம்பவில்லை?’ என்கிறார் ஒருவர். ‘அரசாங்கம் ஏதாவது கொடுக்கும் என்று காத்திருப்பார்கள்’ என்கிறார் இன்னொருவர். இப்படி எழுதியவர்களில் சிலர் நான் பல ஆண்டுகளாக மதிக்கும் மனிதர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர் மிதக்கவில்லை, தரையோடு சேர்ந்து இறங்கிக்கொண்டிருக்கிறது. தரை இறங்குவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணத்துக்கு அந்த மக்கள் பொறுப்பல்ல.

ஊரின் பெயர் டிம்புல்ஸ்லோகோ. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில், செமாராங் பெருநகருக்குக் கிழக்கே, டெமாக் மாவட்டத்தின் சாயுங் வட்டத்தில் கடலோரமாக இருக்கிறது. 1808-இல் டச்சு ஆளுநர் டேண்டல்ஸ் போடத் தொடங்கிய அஞ்சல் பெருஞ்சாலையின் வழித்தடம்தான் இன்று லாரிகள் வரிசைகட்டி நிற்கும் வடகரை நெடுஞ்சாலை. அந்தச் சாலையிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் பெடோனோ, சுரோடாடி, டிம்புல்ஸ்லோகோ என்று ஊர்கள் வருகின்றன. சுற்றுலா நூல்கள் எதிலும் இந்தப் பெயர்களைக் கண்டதில்லை. டெமாக் என்றாலே ஜாவாவின் முதல் சுல்தானகத்தையும், வலி சோங்கோ என்று போற்றப்படும் ஒன்பது இறைநேசர்கள் கட்டியதாகச் சொல்லப்படும் பெரிய பள்ளிவாசலையும் மட்டும் எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் இந்த ஊர்களைப் புரிந்துகொள்ள அந்தப் பழைய வரலாறும் தேவைப்படுகிறது. சுல்தான்கள் ஆண்ட காலத்தில் டெமாக் ஒரு துறைமுகம். அதற்கு வடக்கே முரியா மலை தனித் தீவாக நின்றது, இடையில் கப்பல்கள் போகும் நீரிணை இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த வண்டலால் அந்த நீரிணை மெல்ல மெல்லத் தூர்ந்து நிலமாயிற்று. அதாவது இந்தக் கரையே இளம் வண்டல் மண். மெத்தென்ற களிமண் அடுக்குகளும், இடையிடையே நீரைத் தேக்கி வைத்திருக்கும் மணல் அடுக்குகளும் கொண்ட பூமி.

அந்தப் பூமியில் நெல் விளைந்தது. தென்னை நின்றது. மிளகாய் போட்டார்கள். இன்று அறுபது வயதுக்காரர் எவரைக் கேட்டாலும் எந்த வயல் எங்கே இருந்தது என்று தண்ணீரைச் சுட்டிக்காட்டிச் சொல்வார். பிறகு இறால் பண்ணைகள் வந்தன, அலையாத்திக் காடுகள் போயின, அலை நேரே கரையைத் தொட்டது. ‘ரோப்’ என்று அவர்கள் சொல்லும் ஓதவெள்ளம் எப்போதாவது வந்துகொண்டிருந்தது மாறி, அடிக்கடி வரத் தொடங்கி, கடைசியில் திரும்பிப் போவதையே விட்டுவிட்டது. பக்கத்து ஊரான பெடோனோவில் தம்பாக்சாரி என்ற குடியிருப்பை 1999-இலேயே காலி செய்து வேறிடம் மாற்றினார்கள், ரெஜோசாரி செனிக் குடியிருப்பை 2006-இல் மாற்றினார்கள். தம்பாக்சாரியில் இன்று எஞ்சியிருப்பவற்றில் முக்கியமானது ஷேக் முட்ஸாகிரின் அடக்கத்தலம். கடலுக்கு நடுவே நிற்கும் அந்த இடத்துக்கு இன்றும் யாத்திரிகர்கள் நடைபாதை வழியாகப் போய் வருகிறார்கள்.

‘கடல் மட்டம் உயர்கிறது, புவி வெப்பமாதல், நாம் என்ன செய்ய முடியும்’ என்று எழுதியவர்களுக்கு ஒரு கணக்கு. உலக சராசரியில் கடல் மட்டம் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் உயர்கிறது. செமாராங்–டெமாக் கரையின் சில பகுதிகளில் நிலம் ஆண்டுக்கு 8 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்குவதாக அளந்திருக்கிறார்கள். ஒன்று மில்லிமீட்டர், மற்றது சென்டிமீட்டர். புவி வெப்பமாதலை நான் மறுக்கவில்லை. அதை மறுப்பவன் என்று என்மீது முத்திரை குத்த யாரும் வரவேண்டாம். கடல் உயர்வது உண்மை. ஆனால் இந்த ஊரை இவ்வளவு சீக்கிரம் விழுங்கியதில் பெரும்பங்கு நிலம் இறங்கியதற்குத்தான். பழியைக் கடல்மேல் போட்டுவிட்டால் யாரையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை என்பது எவ்வளவு வசதி!

நிலம் ஏன் இறங்குகிறது? இளம் களிமண் தன் எடையாலேயே கொஞ்சம் படியும், அது இயற்கை. அதன்மேல் சாலைகள், கிடங்குகள், ஆலைகள் என்று ஏற்றிய சுமையும் ஒரு காரணம். இவற்றையெல்லாம் மீறி நிற்பது நிலத்தடி நீர். ஆழத்திலுள்ள மணல் அடுக்கிலிருந்து நீரை உறிஞ்சினால் அங்கே அழுத்தம் குறைகிறது. மேலும் கீழும் உள்ள களிமண் தன்னிடமுள்ள நீரை அந்த மணலுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிய களிமண் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழைய உயரத்துக்கு எழும்பாது. செமாராங்கிலிருந்து சாயுங் வரை நெடுஞ்சாலையோரம் நிற்கும் ஆலைகளையும் அவற்றின் ஆழ்துளைக் கிணறுகளையும் நினைத்துப் பாருங்கள். அந்த நீர் யாருக்குப் போயிற்று?

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. அந்தச் சாலையோரம் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஜாவாவின் பஞ்சாலைகளில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இத்துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் ஆலைக்கும் ஆழ்துளைக் கிணறு இருந்தது. ஆலைக்குள் காற்றை ஈரமாக வைத்திருக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்டுக்கு இரவும் பகலும் நீர் போகும். சாயப் பிரிவுக்குப் போவது அதைவிடப் பல மடங்கு. மோட்டார் ஒரு மணி நேரம் நின்றால் மேலாளரிடமிருந்து தொலைபேசி வரும். ஆண்டுக்கு ஆண்டு மோட்டாரை இன்னும் கீழே இறக்க வேண்டியிருந்தது. அது ஏன் என்று அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் சாயுங் கரையிலிருந்து வரும் ஒரு பெண்மணி இருந்தார். என்னை ‘பாக்’ (ஐயா) என்பார், நான் அவரை ‘எம்பாக்’ (அக்கா) என்பேன். காலை ஷிஃப்டுக்குச் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார். வழியெல்லாம் ரோப். ஆலை வாசலில் குழாயில் காலைக் கழுவி, துடைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவார். தாமதமான நாட்களில் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவருடைய ஊரை மூழ்கடிக்கும் கிணறு ஒன்று எங்கள் ஆலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்க, அந்த ஊர்த் தண்ணீரில் நடந்து வந்ததற்காக அவருக்குச் சம்பளப் பிடித்தம். இதற்குமேல் நான் என்ன சொல்ல?

பெருநாள் விடுமுறையில் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் குனிந்துதான் நுழைய முடிந்தது. கதவு குட்டையாகக் கட்டப்பட்டதல்ல, தரை மேலே வந்திருந்தது. மின்சார சுவிட்சுகள் என் முழங்காலுக்கு நேரே இருந்தன. ஜன்னலின் அடிச்சட்டம் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெருநாளுக்கு முன் ஆலையில் கொடுக்கும் ஒரு மாதச் சம்பள போனஸில் மற்றவர்கள் துணிமணி வாங்குவார்கள், இவர்கள் லாரி லாரியாக மண் வாங்கிக் கொட்டித் தரையை உயர்த்துவார்கள். மண் வாங்கிக் கட்டுப்படியாகாதபோது வீட்டுக்குள்ளேயே பலகையால் தளம் போட்டு அதன்மேல் குடியிருப்பார்கள். அன்று அவருடைய கணவர் பொரித்த பண்டெங் மீனும் சம்பாலும் சோறும் வைத்தார், ‘இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள் பாக்’ என்று வற்புறுத்தினார். தாங்கள் மண்ணுக்குச் செலவழித்த பணத்தில் நகரத்தில் ஒரு சிறு வீடே வாங்கியிருக்கலாம் என்று எம்பாக் சொன்னபோது அவர் குரலில் புகார் இல்லை. ஆனால் அந்தப் பணம் மொத்தமாக ஒரே நாளில் கைக்கு வந்ததில்லையே, ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு லாரி மண்ணுக்குத்தானே வந்தது!

‘ஏன் கிளம்பவில்லை’ என்று கேட்டவர் இதற்குப் பதில் சொல்லட்டும். கிளம்புவதற்குப் பணம் வேண்டும். அந்த நிலத்தை விற்றுப் பணமாக்கலாம் என்றால், தண்ணீருக்கடியில் கிடக்கும் நிலத்தை யார் வாங்குவார்கள்? அதோடும் நிற்கவில்லை. இந்தோனேசியாவின் 1960-ஆம் ஆண்டு அடிப்படை நிலச்சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி, நிலம் அழிந்துபோனால் அதன்மீதான உடைமை உரிமையும் முடிந்துபோகிறது. கடலுக்குள் போன வயலின் பத்திரம் பெட்டியில் பத்திரமாக இருக்கலாம், ஆனால் அரசு அந்த நிலத்தை அழிந்த நிலம் என்று அறிவித்துவிட்டால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பில்லை. அப்புறம் கையில் கிடைப்பது இழப்பீடாகக்கூட இருக்காது, கருணைத் தொகையாகத்தான் இருக்கும். இப்படி ஒரு சட்டம் தலைக்குமேல் இருக்கும்போது வீட்டை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்துச் சோம்பேறி என்று எழுத எப்படி மனம் வருகிறது?

‘அவர்களே இறாலுக்காகக் காட்டை அழித்தவர்கள்தானே’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆம், அலையாத்தி போனது பெரிய இழப்பு. ஆனால் இறால் ஏற்றுமதியை ஊக்குவித்தவர்களும், செமாராங் துறைமுகத்துக்காகக் கடலைத் தூர்த்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள் அல்ல. தவிர, அந்தத் தவறைத் திருத்த அவர்கள் முயன்றதை யாராவது எழுதினீர்களா? 2015 முதல் டச்சு நிபுணர்களும் இந்தோனேசிய அரசும் சேர்ந்து நடத்திய திட்டத்தில், மூங்கிலும் சுள்ளியும் கொண்டு கடலுக்குள் வேலி கட்டி, அலையின் வேகத்தைத் தணித்து, வண்டலைப் பிடித்து, அதில் அலையாத்தி தானாக முளைக்க வழி செய்தார்கள். கட்டியவர்களும் காத்தவர்களும் இந்தக் கரை மக்கள். 2022-இல் ஐக்கிய நாடுகள் சபை அதை உலகின் முன்னோடி மீட்புத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. ஆனால் கீழே நிலம் இறங்கிக்கொண்டே இருக்கும்போது மேலே படியும் வண்டல் எத்தனை நாளைக்கு ஈடுகொடுக்கும்? அந்த வேலிகளையும் தோற்கடித்தது அதே நிலத்தடி நீர்தான்.

‘ஆலை இல்லையென்றால் அந்தப் பெண்ணுக்கு வேலை ஏது’ என்றும், ‘நீங்களும் அங்கே சம்பளம் வாங்கியவர்தானே’ என்றும் கேட்பீர்கள். வாங்கினேன், மறைக்கவில்லை. அங்கே இருந்ததால்தான் அந்தக் கிணற்றைப் பற்றி என்னால் பேச முடிகிறது. ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவும் இல்லை. டோக்கியோவின் கிழக்குத் தாழ்நிலப் பகுதிகள் இதேபோல் இறங்கிக்கொண்டிருந்தன. 1960-களிலும் 70-களிலும் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள், ஆலைகளுக்கு வேறு வழியில் நீர் கொடுத்தார்கள், நிலம் இறங்குவது பெரும்பாலும் நின்றுபோனது. அதற்காக ஆலைகளையெல்லாம் மூட வேண்டியும் வரவில்லை. ஆக, இது முடியாத காரியம் இல்லை, செலவு பிடிக்கும் காரியம். அந்தச் செலவை ஆலை செய்யாதபோது, அதை எம்பாக் தன் பெருநாள் போனஸிலிருந்து செய்துகொண்டிருக்கிறார்.

என்னால் தாங்க முடியாதது கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய கருத்து. காணொளியில் ஒரு நொடி வந்து போகிறதே, அதைப் பார்த்து ‘பேய்ப்படம் எடுக்கலாம்’ என்று ஒருவர் எழுதி, அதற்குச் சிரிப்புக் குறிகள் வேறு. அந்த ஊரில் யாராவது இறந்தால் கடல் நீர் வற்றும் நேரம் பார்த்துக் காத்திருந்து அடக்கம் செய்ய வேண்டிய நிலை இருந்தது. தோண்டத் தோண்டக் குழியில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே தோண்டுவார்கள். பிறகு ஊரே கூடிப் பணம் போட்டு, சேற்றை வாரிக் கொட்டி அந்த இடத்தை உயர்த்தினார்கள். தங்கள் வீட்டுத் தரையை உயர்த்தப் பணமில்லாதவர்களும் அதற்குக் கொடுத்தார்கள். பெற்றவர்கள் அங்கே படுத்திருக்கிறார்கள், அவர்களுக்காகக் குர்ஆனின் யாசின் அத்தியாயத்தை ஓத யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் கிளம்பாததற்கு ஒரு காரணம். அதை உங்கள் வரவுசெலவுக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?

இப்போது எல்லோரும் சுவரைப் பற்றிப் பேசுகிறார்கள். செமாராங்–டெமாக் சுங்கச்சாலையின் சாயுங்–டெமாக் பகுதி 2023-இல் திறக்கப்பட்டது. காலிகாவே–சாயுங் பகுதியில் சாலையே கடல் தடுப்பணையாகவும் நிற்கும்படி திட்டமிட்டு, சேற்றில் மூங்கில் பாய்களை அடுக்கி அதன்மேல் எழுப்புகிறார்கள். அதற்கும் மேலே, ஜாவாவின் வடகரை நெடுக 80 பில்லியன் டாலரில் மாபெரும் கடல் சுவர் கட்டப்போவதாக அதிபர் பிரபோவோ பேசுகிறார். சுவருக்கு உள்ளே இருப்பவர்கள் நிம்மதியாக இருக்கலாம். கடல் பக்கம் விடுபடும் ஊர்களில் ரோப் இன்னும் மோசமாகும் என்ற அச்சம் சாயுங் கரையில் இப்போதே இருக்கிறது. 2022 மே மாதம் செமாராங் துறைமுகப் பகுதியில் தடுப்பு உடைந்து, ஆலைத் தொழிலாளர்கள் மார்பளவு நீரில் இறங்கி வெளியே வந்ததை அங்கே யாரும் மறக்கவில்லை. கிணறுகள் ஓடிக்கொண்டிருக்கும்வரை சுவர் நிற்கும் நிலமும் இறங்கும். அந்தக் கிணறுகள் எத்தனை, எவ்வளவு நீர் எடுக்கின்றன, எப்போது மூடப்படும் என்று ஆலைகளிடமும், அங்கிருந்து நூலும் துணியும் வாங்கும் நிறுவனங்களிடமும் கேளுங்கள். டிம்புல்ஸ்லோகோ மக்களிடம் கேட்பதற்கு நம்மில் யாருக்கும் எந்தக் கேள்வியும் இல்லை.