அம்மாவோட ஜாக்கெட் கை லூசானப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்

போன தீபாவளிக்கு முன்னாடி அம்மாவோட ஜாக்கெட் துணிய எடுத்துக்கிட்டு எங்க தெரு டெய்லர் அக்காகிட்ட போனேன். உறையூர்ல பதினஞ்சு வருஷமா அவங்கதான் அம்மாவுக்குத் தைக்கிறாங்க. அளவு ஜாக்கெட்ட மேஜைல விரிச்சு வச்சுட்டு, "என்னம்மா இது, அம்மா உடம்பு சுத்தளவு ஒன்றரை இன்ச் கூட்டிக் கேக்குறாங்க, கைய மட்டும் ஒரு இன்ச் பிடிக்கச் சொல்றாங்க, குண்டானா கையும் சேந்துதானே குண்டாகும்?"னு கேட்டாங்க. நான் அதக் காதுல வாங்கிக்கல, வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சிருமாக்கான்னு மட்டும் கேட்டுட்டு வந்துட்டேன். எந்த ஸ்கேனும் எடுக்காம, எந்த டாக்டரும் சொல்லாம, எங்கம்மாவுக்கு என்ன ஆகிட்டு இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது அந்த அக்காதான்.

அம்மாவுக்கு 68 வயசு. பதினோரு வருஷமா சுகர். எடை 69 கிலோ, உயரம் அஞ்சடி. வழக்கமா பாக்குற டாக்டர் ஒரு தடவ ரிப்போர்ட்டப் பாத்துட்டு "எடையக் குறைங்க"ன்னு சொன்னாரு, அவ்வளவுதான் சொன்னாரு, எப்படின்னு அவரும் சொல்லல நாங்களும் கேக்கல. அம்மா சொன்னத அப்படியே செய்றவங்க. ராத்திரி சாப்பாட்ட நிறுத்திட்டாங்க, ஒரு டம்ளர் மோரோட சரி. முட்டை கொழுப்புன்னு யாரோ சொன்னாங்கன்னு அதையும் விட்டாங்க. காலைல ரெண்டு இட்லி, மத்தியானம் கொஞ்சம் சோறு, சாயங்காலம் டீ ரெண்டு பிஸ்கட். அஞ்சு மாசத்துல ஆறு கிலோ குறைஞ்சாங்க. நாங்க எல்லாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டோம், குடும்ப குரூப்ல நான்தான் அந்த வெயிட் மெஷின் போட்டோவ போட்டேன்.

அப்புறம் தை மாசம் எங்க சித்தி வீட்டு விசேஷம். அம்மா ஜமுக்காளத்துல உக்காந்து மத்த பொம்பளைங்களோட பூ கட்டிக்கிட்டு இருந்தாங்க. முடிச்சுட்டு எழுந்திரிக்கப் பாத்தாங்க, முடியல. ஒரு பக்கமா சாஞ்சு, முட்டி போட்டு, கைய தரையில ஊணிப் பாத்தாங்க, கை நடுங்குது, மறுபடி உக்காந்துட்டாங்க. யாருக்கும் தெரியாம சமாளிக்கலாம்னு மடியில கிடந்த பூவ எடுத்து மறுபடி கட்ட ஆரம்பிச்சாங்க பாருங்க, அதப் பாத்தப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுது. நானும் சித்தியும் ரெண்டு பக்கமும் கை கொடுத்துத் தூக்குனோம். என் கைக்குள்ள அவங்க மேல்கை இருந்துச்சு, தோலும் எலும்பும்தான் பட்டுச்சு. ஆனா வயிறு அப்படியேதான் இருந்துச்சு. அப்ப அந்த ஆறு கிலோ எங்கேருந்து போச்சு?

முட்டிவலின்னு நெனச்சுத்தான் பிசியோதெரபி போனோம். அந்தப் பொண்ணு முட்டியப் பாக்குறதுக்கு முன்னாடி கைப்பிடி பலத்த அளக்குற ஒரு கருவியக் கையில கொடுத்து "நல்லா அழுத்துங்கம்மா"ன்னா. 13 கிலோ காட்டுச்சு. ஆசியப் பொம்பளைங்களுக்கு அது 18க்குக் கீழ போகக் கூடாதாம், ஆம்பளைங்களுக்கு 28. அப்புறம் கைய நெஞ்சுல குறுக்கக் கட்டிக்கிட்டு நாற்காலிலேருந்து அஞ்சு தடவ எழுந்து உக்காரச் சொன்னா. 12 செகண்ட் ஆயிட்டாலே கவனிக்கணுமாம். அம்மாவுக்கு 19 செகண்ட், அதுவும் நாலாவது தடவ தொடையில கை வச்சுட்டாங்க. கெண்டைக்கால டேப்ல சுத்திப் பாத்தா 31 சென்டிமீட்டர், பொம்பளைங்களுக்கு 33க்குக் கீழ இருந்தா சந்தேகப்படணுமாம். இதெல்லாம் ஆசிய மருத்துவர்கள் குழு 2019ல வச்ச அளவுகள்னு அப்புறம் நான் தேடிப் படிச்சேன். இதுல அந்தக் கருவியத் தவிர மத்ததெல்லாம் நம்ம வீட்டு ஹால்லயே பாத்துரலாம், அதுதான் எனக்கு ஆறல.

வயசாக ஆக தசையும் பலமும் இப்படிக் குறையுறதுக்குப் பேரு சார்கோபீனியா. 1988ல இர்வின் ரோசன்பெர்க்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் வச்ச பேரு, கிரேக்க மொழில சதைப் பஞ்சம்னு அர்த்தம் வரும். முப்பது வயசுக்கு மேல பத்து வருஷத்துக்கு 3லேருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை குறையுது, அறுபதுக்கு மேல இன்னும் வேகமா. அளவு குறையுறத விட பலம் குறையுறது இன்னும் சீக்கிரமா நடக்குது. நம்ம பேச்சுல இன்னொரு சிக்கல் இருக்கு, "சதை போட்டுட்டா"ன்னா நாம கொழுப்பச் சொல்றோம், "சதை வத்திப் போச்சு"ன்னா தசையச் சொல்றோம், ரெண்டுக்கும் ஒரே வார்த்தை. அதனாலயோ என்னவோ ஒரே உடம்புல கொழுப்பு ஏறிக்கிட்டே தசை இறங்கும்ங்கறது நமக்குத் தோணவே மாட்டேங்குது. எங்கம்மா உடம்புல நடந்தது அதுதான், தசையும் இல்ல கொழுப்பும் அதிகம், டாக்டர்கள் சார்கோபீனிக் ஒபிசிட்டின்னு சொல்றாங்க, ரெண்டு கெடுதலும் ஒண்ணா சேந்து வர்றது.

ஒண்ண ஒண்ணு இழுத்துக்கிட்டுப் போறதுதான் இதுல மோசம். நாம சாப்பிட்டதும் ரத்தத்துல ஏறுற சர்க்கரைல பெரும்பங்க உள்ள இழுத்துக்கிறது தசைதான். அது சுருங்கிட்டா சர்க்கரை போக இடம் இல்லாம ரத்தத்துலயே சுத்துது, மிஞ்சுறது கொழுப்பா மாறி வயித்துல தங்குது. அந்த வயித்துக் கொழுப்பு சும்மா இருக்கறது இல்ல, உடம்பு பூரா மெல்லிசா ஒரு அழற்சிய உண்டாக்கி இருக்கற தசையையும் அரிக்குது, தசை நாருக்கு நடுவுலயும் கொழுப்பு புகுந்துருது. பலம் குறைஞ்சா நடமாட்டம் குறையுது, நடமாட்டம் குறைஞ்சா இன்னும் தசை போகுது. பொம்பளைங்களுக்கு மாதவிலக்கு நின்னதுக்கப்புறம் இது எல்லாமே வேகமாகுது.

நம்ம நாட்டுக்காரங்களுக்கு தசை கொஞ்சம் கம்மியாவும் கொழுப்பு கொஞ்சம் கூடவும்தான் ஆரம்பமே. புனேல டாக்டர் யாஜ்னிக், லண்டன்ல டாக்டர் யுட்கின், இவங்க ரெண்டு பேரும் 2004ல லான்செட்ங்கற மருத்துவப் பத்திரிகைல பக்கத்துல பக்கத்துல நின்னு ஒரு போட்டோ போட்டாங்க. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கும் எடைக்கும் போடுற கணக்கு, 22.3. ஆனா யுட்கினுக்கு உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. வெயிட் மெஷினையும் பிஎம்ஐயையும் மட்டும் வச்சு நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு வைத்தியம் சொல்றது எவ்வளவு அரைகுறைன்னு புரிய எனக்கு அந்த ஒரு போட்டோ போதும்.

அதனால நான் சொல்ல வர்றது இதுதாங்க, அறுபது தாண்டுனவங்கள பாத்து வெறுமனே எடையக் குறைங்கன்னு சொல்லாதீங்க. பட்டினி கிடந்து எடை குறைச்சா கொழுப்போட சேத்து தசையும் போகும், அந்த வயசுல போன தசை தானா திரும்பி வராது, மறுபடி எடை ஏறுறப்ப கொழுப்பாத்தான் ஏறும். 2017ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்துச்சு, உடம்பு பெருத்த 160 பெரியவங்கள வச்சு செஞ்சது. டயட்டோட நடைப் பயிற்சி மாதிரி மட்டும் செஞ்சவங்களுக்கு தசை 5 சதவீதம் போச்சு, டயட்டோட பளு தூக்குனவங்களுக்கு 2 சதவீதம்தான் போச்சு, ரெண்டையும் சேத்து செஞ்சவங்களுக்கு 3 சதவீதம் போனாலும் நடமாட்டத்துல அவங்கதான் நல்லா முன்னேறுனாங்க. நம்ம ஊர்ல யாரக் கேட்டாலும் "வாக்கிங் போங்க"ன்னு முடிச்சுர்றாங்க. வாக்கிங் நல்லதுதான், விடவே விடாதீங்க, ஆனா அது மட்டும் தசைய வளக்காது. இப்ப எடை குறைக்க ஊசி வேற வந்துருச்சு, அதுல குறையுற எடைலயும் ஒரு கணிசமான பங்கு கொழுப்பு இல்லாத மத்த எடைதான், தசையும் அதுல அடக்கம். வீட்ல பெரியவங்களுக்குப் போடறதா இருந்தா அவங்க தசைக்கு என்ன வழின்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

டாக்டர மட்டும் குத்தம் சொல்லிட்டு நான் தப்பிக்க முடியாது. அப்பாவும் நானும் சேந்து பத்து வருஷமா அம்மாகிட்டேருந்து ஒவ்வொரு வேலையா பிடுங்குனோம். முன்னெல்லாம் அம்மா கீழ் வீட்லேருந்து மாடிக்குக் குடத்துல தண்ணி தூக்குவாங்க, மோட்டார் போட்டோம். வடகம் காயப்போட மொட்டமாடி ஏறுவாங்க, நீ ஏறாதம்மா விழுந்துருவன்னு தடுத்தோம். அரிசி மூட்டையிலேருந்து டின்னுக்கு மாத்துறது, துணி அலசுறது, கீழ உக்காந்து காய் நறுக்குறது எல்லாம் போச்சு. "உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" இதத்தான் பாசம்னு நெனச்சோம். விசேஷத்துக்குப் போனா எல்லாரும் ஓடிவந்து முதல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலிய இழுத்துப் போடுறாங்க, மரியாதையா. ஆரோக்கியமா இருந்த 12 பெரியவங்கள பத்து நாள் கட்டில்லயே படுக்க வச்சு பாத்த ஆய்வு ஒண்ணு 2007ல வந்துச்சு, பத்தே நாள்ல கால் தசைல கிட்டத்தட்ட ஒரு கிலோ போயிருந்துச்சு. நாங்க எங்கம்மாவ பத்து வருஷமா உக்கார வச்சிருக்கோம்.

இன்னொரு ஆய்வு, எனக்குத் தெம்பு கொடுத்தது. 1990ல பாஸ்டன்ல ஒரு முதியோர் இல்லத்துல தொண்ணூறு வயசுப் பக்கம் இருந்த பத்து பேர எட்டு வாரம் காலுக்குப் பளு தூக்க வச்சாங்க மரியா ஃபியாடரோன்ங்கற டாக்டர். கால் பலம் சராசரியா 174 சதவீதம் கூடுச்சு. தொண்ணூறு வயசுல! இதப் படிச்சு அம்மாகிட்ட சொன்னேன், "நெசமாவா, அப்ப நான் சின்னப் பொண்ணுதான்"னாங்க.

எங்க வீட்ல இப்ப திங்கள் புதன் வெள்ளி சாயங்காலம் ஆறரைக்கு அம்மாவுக்குப் பயிற்சி. சுவத்தை ஒட்டிப் போட்ட நாற்காலி, நகரக் கூடாது. எழுந்து உக்காரணும், எட்டு தடவ, கொஞ்சம் உக்காந்துட்டு மறுபடி எட்டு. சுவத்துல கை வச்சுத் தள்ளுறது. சமையல் மேடையப் பிடிச்சுக்கிட்டு குதிகாலத் தூக்கி இறக்குறது. ரெண்டு கையிலயும் தண்ணி பாட்டில், முதல்ல அரை லிட்டர், இப்ப ஒண்ணரை லிட்டர். பிசியோ பொண்ணு படிச்சுப் படிச்சு சொன்ன ஒரு விஷயம், ஈசியா ஆயிருச்சுன்னா அங்கயே நிக்கக் கூடாது, பாரத்தக் கூட்டணும், கூட்டலன்னா தசைக்கு வேலையே இல்ல. மூச்சப் பிடிக்காம செய்யணும், பிபி, இதயம், முட்டி ஆபரேஷன் இருக்கறவங்க கேட்டுட்டு ஆரம்பிக்கணும்.

சாப்பாட்டு விஷயத்துலதான் நான் அதிர்ந்து போனேன். வயசானவங்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1லேருந்து 1.2 கிராம் வரைக்கும் புரோட்டீன் வேணும்னு நிபுணர்கள் சொல்றாங்க, அம்மா எடைக்கு 63லேருந்து 75 கிராம் வரைக்கும் வருது. உக்காந்து கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 35 கிராம் கூட போகல. சாம்பார்தான் இருக்கேன்னு நெனச்சோம், ஆனா அம்மா எல்லாருக்கும் ஊத்திட்டுக் கடைசில மேலாக்க இருக்கற தண்ணியத்தான் ஊத்திக்குவாங்க, அடியில கிடக்குற பருப்பு அப்பாவுக்கும் பேரனுக்கும். இப்ப காலைல ரெண்டு முட்டை, அதுலயே 12 கிராம். பிஸ்கட்டுக்குப் பதிலா சுண்டல். ராத்திரி மறுபடி சாப்பிடறாங்க, கெட்டிப் பருப்பு ஒரு கிண்ணம், கூடவே கெட்டித் தயிர். புதனும் ஞாயிறும் நெத்திலியோ சங்கராவோ. புரட்டாசி வந்தா மீல் மேக்கரும் பன்னீரும்னு முடிவு பண்ணிருக்கோம். கிட்னி பிரச்சனை இருக்கறவங்க மட்டும் டாக்டரக் கேக்காம புரோட்டீனக் கூட்டாதீங்க, அம்மாவுக்கும் கிட்னி எப்படி இருக்குன்னு காட்டுற கிரியாட்டினின் டெஸ்ட் பாத்துட்டுதான் ஆரம்பிச்சோம்.

எங்களால முட்டையும் மீனும் வாங்க முடியுது. முடியாதவங்கள நெனச்சா கோவம் வருது. ரேஷன்ல அரிசி தாராளமா கிடைக்குது, துவரம்பருப்பு கார்டுக்கு மாசம் ஒரு கிலோ, 30 ரூபாய்க்கு. ஒரு கிலோ பருப்புல 220 கிராம் புரோட்டீன் இருக்குன்னு வைங்க, முப்பது நாளைக்குப் பிரிச்சா மொத்தக் குடும்பத்துக்கும் நாளைக்கு ஏழு கிராம் சொச்சம், அதுல பாட்டி பங்கு என்ன? முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய்ல மருந்து வாங்குவாங்களா முட்டை வாங்குவாங்களா? பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு சத்துணவுல முட்டை போட்டு நாட்டுக்கே வழிகாட்டுன மாநிலம் இது. கேரளாவுக்கு அடுத்து இங்கதான் மக்கள்தொகைல வயசானவங்க பங்கு அதிகம், அவங்களுக்கும் ஒரு முட்டை யோசிக்கணும்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில ஆரம்பிச்ச திட்டம், அதுல வர்ற அக்காங்க வீட்டுக்கே வந்து சுகர், பிபி மாத்திரை கொடுக்குறாங்க, பிசியோதெரபியும் அதுல இருக்கு. அந்த அக்காங்க கையில ஒரு டேப்பும் ஒரு வாட்ச்சும் இருந்தா போதும், கெண்டைக்கால அளந்து, அஞ்சு தடவ எழுந்திரிக்கச் சொல்லிப் பாத்து, யாருக்கு பிசியோ வேணும்னு விழுறதுக்கு முன்னாடியே எழுதி அனுப்பிரலாம். இடுப்பெலும்பு உடைஞ்சதுக்கப்புறம் படுக்கைல பாக்குறத விட இது எவ்வளவோ மேல். இதப் படிக்கிற சுகாதாரத் துறைக்காரங்க யாராவது இருந்தா தயவு செஞ்சு மேல எடுத்துட்டுப் போங்க.

ஏழு மாசம் ஆச்சு. அம்மா எடை இப்ப 64, ஒரு கிலோ ஏறியிருக்கு, சொந்தக்காரங்க "மறுபடி ஏறிருச்சே"ன்னு கவலைப்படுறாங்க. ஆனா இடுப்பு ரெண்டு இன்ச் குறைஞ்சிருக்கு, அஞ்சு தடவ எழுந்து உக்கார 11 செகண்ட் ஆகுது, டவுன் பஸ் படில கம்பியப் பிடிச்சு தானே ஏறுறாங்க. போன வாரம் கீழ உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுட்டு, ஒரு கைய மட்டும் ஊணி எழுந்துட்டாங்க. நான் ஓடிப் போனேன், "தொடாத, நான் எழுந்துக்குவேன்"னாங்க.

அப்பாவுக்கு 74. எப்பவுமே ஒல்லி, அதனால அவர யாரும் எடையக் குறைங்கன்னு சொன்னதில்ல, நாங்களும் கண்டுக்கவே இல்ல. நேத்து அம்மாதான் அவரப் பிடிச்சு உக்கார வச்சு, "எங்க, அஞ்சு தடவ எழுந்திரிங்க பாப்போம்"னு சொல்லிட்டு சுவர்க் கடிகாரத்தப் பாத்துக்கிட்டே நின்னாங்க. 17 செகண்ட். கெண்டைக்கால் 32, ஆம்பளைங்களுக்கு 34 இருக்கணும். திங்கக்கிழமைலேருந்து ஹால்ல ரெண்டு நாற்காலி போடுறோம்.