கல்லைப் பார்த்தால் பக்தி குறைந்துவிடுமா?

நம் புனித நாட்டுத் திருப்பயணத்தைப் பற்றிக் குழுவில் வந்த அந்தக் குரல்பதிவை இதற்குள் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். "அக்காவுக்கு ஜெபத்தைவிடக் கல்லும் மண்ணும்தான் முக்கியம்" என்று குழுவில் போட்ட அண்ணனுக்கு நான் அங்கே பதில் சொல்லவில்லை. போகட்டும் என்று விட்டுவிட்டேன். நேற்று திருப்பலி முடிந்து வெளியே வரும்போது அதையே ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தார், அதற்கப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

இஸ்ரயேலில் மகதலா மரியாவின் ஊரான மக்தலாவில் பஸ்ஸை நிறுத்தி நேராகப் புதுக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். படகு வடிவப் பீடம், பின்னால் கண்ணாடிக்கு அப்பால் கலிலேயக் கடல். ஆளாளுக்குப் படம் எடுத்து முடித்ததும் "ஏறுங்க ஏறுங்க" என்றார்கள். கூப்பிடு தூரத்தில் யூதர்களின் முதல் நூற்றாண்டுத் தொழுகைக்கூடம் கிடக்கிறது, அதைப் பார்க்காமல் எப்படிக் கிளம்புவது என்று கேட்டேன். நான் செய்த குற்றம் இவ்வளவுதான்.

கோயிலை நான் ஒரு சொல் குறை சொல்லவில்லை. 2014 இல் திறந்த கோயில்தான், ஆனால் உள்ளே நின்றால் மனசு அடங்கிவிடுகிறது. கீழ்த்தளச் சிற்றாலயத்தில் ஒரு பெரிய ஓவியம்: கூட்டத்தின் கால்களுக்கு நடுவே ஒரு பெண்ணின் கை மட்டும் நீண்டு வந்து ஆண்டவரின் ஆடை ஓரத்தைத் தொடுகிறது. அதன் முன்னால் நான் அழுதேன். ஆனால் நாம் நின்ற அந்தத் தரையே முதல் நூற்றாண்டுச் சந்தையின் கல். கல் வேண்டாம் என்கிறவர்கள் அப்போது எதன்மேல் நின்றார்கள்?

2009 இல் திருப்பயணிகள் தங்க விடுதி கட்டத்தான் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். கட்டுவதற்கு முன் அகழாய்வு செய்தபோது தொழுகைக்கூடம் கிடைத்தது. கி.பி. 29 ஆம் ஆண்டின் நாணயம் ஒன்று, சுவரோரம் உட்காரும் கல்திண்டுகள், நடுவில் ஏழு கிளை விளக்குத்தண்டு செதுக்கிய கல். எருசலேம் ஆலயம் கி.பி. 70 இல் இடிபடுவதற்கு முன்பே செதுக்கியது, அந்த ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்துக் கை. இப்போது அங்கே வைத்திருப்பது நகல்தான், சரி, அதைக்கூடப் பார்க்க விடவில்லையே! கட்ட வந்தவர்களே அந்தக் கற்களுக்காகத் திட்டத்தை மாற்றினார்கள். அவர்களுக்கு இருந்த மரியாதை பார்க்கப் போன நமக்கு வேண்டாமா?

அங்கே மீன் வேலைக்கான தொட்டிகளும் இருக்கின்றன. கலிலேயக் கடல் என்கிற இந்த ஏரியின் கரையில் மீனை உப்பிட்டு வைத்ததை அந்தக் காலத்துக் கிரேக்க அறிஞர் ஸ்ட்ராபோவே எழுதியிருக்கிறார். என் அம்மா வருஷக்கணக்கில் மீனுக்கு உப்பு வைத்தவர். விரல் இடுக்கெல்லாம் வெடித்து, ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தத் தொட்டிகளை நினைத்தபோது, அங்கேயும் இப்படிக் கையோடு ஒரு பெண் இருந்திருப்பாள், ஆண்டவர் பேசியதை அவளும் கேட்டிருப்பாள் என்று தோன்றியது. இதுவும் ஜெபம்தான். கண்ணை மூடினால்தான் ஜெபம் என்று யார் சொன்னது?

"இயேசு அந்தக் கூடத்தில் நின்றார் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பீர்கள். அந்தக் கூடத்தைப் பற்றி நற்செய்தியில் இல்லைதான். கலிலேயா முழுவதும் தொழுகைக்கூடங்களில் கற்பித்தார் என்று மத்தேயுவில் இருக்கிறது, எனக்கு அது போதும். "வயதானவர்கள் வெயிலில் எப்படி நடப்பார்கள்?" என்பது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே வயதானவர்களை அடுத்த நிறுத்தத்தில் கடைக்குள் அத்தனை நேரம் நிற்க வைத்தீர்களே, அப்போது யாருக்கும் கால் வலிக்கவில்லையா? "நாலு செவத்துல என்ன இருக்கு" என்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

உண்மையில் என்னைச் சுட்டது வேறு. பஸ்ஸில் ஒருவர் மைக்கைப் பிடித்து, மகதலா மரியா பாவியாக வாழ்ந்து மனந்திரும்பிய பெண் என்று கதை சொன்னார். அந்த மரியாவின் சொந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு! லூக்கா சொல்வது ஏழு பேய்கள் நீங்கியதை மட்டும். லூக்காவில் வேறு இடத்தில் பெயரில்லாமல் வரும் பாவியான பெண்ணையும் இவரையும் ஒன்றாக்கியது 591 இல் திருத்தந்தை பெரிய கிரகோரியார் ஆற்றிய மறையுரை. உயிர்த்த ஆண்டவரை முதலில் கண்டு சீடர்களிடம் போய்ச் சொன்னவர் இவர் என்கிறது யோவான் நற்செய்தி. 2016 இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளான ஜூலை 22 ஐ விழாவாகவே உயர்த்தினார். இவ்வளவுக்கும் பிறகும் அந்தப் பழிதான் மைக்கில் வருகிறது, பஸ்ஸே "ஆமென்" சொல்கிறது. நான் வாய் திறந்தால் "அக்கா, விவாதம் வேண்டாம், செபமாலை சொல்லலாம்." ஆண்கள் யாராவது இதையே கேட்டிருந்தால் "விஷயம் தெரிந்தவர்" என்று சொல்லியிருப்பீர்கள். ஒரு பெண் சொன்னதை நம்பாமல் போவது ஆண்டவர் உயிர்த்த அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே தொடங்கிவிட்டது.

கோயில் முகப்பு மண்டபத்தில் எட்டுத் தூண்கள். ஏழில் நற்செய்திப் பெண்களின் பெயர்கள், எட்டாவதில் பெயர் இல்லை, விசுவாசத்தில் வாழும் எல்லாப் பெண்களுக்குமானது அது. அதில் சாய்ந்து நின்றுதான் என் அண்ணன்மார் எல்லாரும் படம் எடுத்தார்கள்.

அடுத்த குழு கிளம்பப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஏற்பாடு செய்கிறவர்களே, மக்தலாவுக்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் கற்களைக் காட்டுங்கள், அப்புறம் கோயிலுக்குள் கூட்டிப்போங்கள். நடக்க முடியாதவர்கள் கோயிலில் உட்கார்ந்திருக்கட்டும், பார்க்க நினைக்கிறவர்களை விடுங்கள். போகிற பெண்கள் யாருக்காவது எங்கே என்ன பார்க்கவேண்டும் என்று தெரிய வேண்டுமானால் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள், சொல்கிறேன்.