டயனோஜெஸ்ட் போட்டால் கரு தங்குமா?

கருப்பையின் உள்வரி போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்தான் எண்டோமெட்ரியோசிஸ். அது உள்ள ஒரு தங்கச்சி, டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை போட்டால் கரு தங்குமா என்று கேட்டிருக்கிறார். ‘எண்டோமெட்ரியோசிஸா? ஆறு மாதம் டயனோஜெஸ்ட் போட்டு அடக்கிவிட்டுக் குழந்தைக்கு முயற்சி பண்ணுங்க’ என்று அவருக்கு ஒரு அக்கா பதில் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை. அந்த மாத்திரை கருமுட்டை வெளியேறுவதையே தடுப்பது. நிறுத்திய பிறகும் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு அதனால் கூடுவதில்லை. ஐரோப்பியக் கருத்தரிப்பு மருத்துவச் சங்கமான எஷ்ரேயின் 2022 வழிகாட்டுதலும் கருத்தரிப்பை மேம்படுத்த இத்தகைய ஹார்மோன் சிகிச்சை தர வேண்டாம் என்கிறது. 35 வயதைத் தாண்டியவருக்கு ஆறு மாதம் சின்ன இழப்பா?

வலிக்காக டாக்டர் கொடுத்திருந்தால் வேறு விஷயம், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கேள்வி கேட்ட தங்கச்சி, பயப்படாதீங்க. இந்த நோய் இருந்தும் இயல்பாகவே கருத்தரித்தவர்கள் ஏராளம். சாக்லேட் கட்டிக்கு (இந்த நோயால் சூலகத்தில் வரும் பழைய ரத்தம் நிறைந்த கட்டி) ஆபரேஷன் என்றால் மட்டும், அதற்கு முன்பே முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்; அந்த அறுவையில் முட்டை இருப்பு குறையக்கூடும்.