லெஃப்ட்டா ரைட்டான்னு மட்டும் கேட்டா போதாது

ராஜாஜி லெஃப்ட்டா ரைட்டா சித்தப்பான்னு அண்ணன் பொண்ணு கேட்டா, காலேஜ்ல அசைன்மென்ட்டாம். ரைட்டுன்னு ஒரு வார்த்தைல முடிச்சிருக்கலாம், மனசு கேக்கல. கரண்ட் பில்லு பின்னாடி பெருசா ஒரு கூட்டல் குறி போட்டேன். குறுக்கு கோடு காசு விஷயம், அதாவது தொழில், விலை, வரி இதுல அரசாங்கம் எவ்வளவு கை வைக்கலாம்ங்குறது, நிறைய வைக்கலாம்னா லெஃப்ட், வைக்கவே கூடாதுன்னா ரைட். நெடுக்கு கோடு சமூகம், மேல போகப்போக பழைய கட்டுப்பாடு தளரும், கீழ வரவர இறுகும்.

குறுக்கு கோட்டுல ராஜாஜிய வைக்கிறது ஈஸி, ரைட் பக்கம். 1952ல முதல்வரா வந்ததும் அரிசி விக்கிறதுல அரசாங்கம் வச்சிருந்த கன்ட்ரோல எடுத்தாரு, 1959ல சுதந்திரா கட்சி ஆரம்பிச்சு எந்தத் தொழிலுக்கும் அரசாங்க அனுமதி கேட்டு நிக்க வைக்கிற பெர்மிட் லைசென்ஸ் ராஜ்ஜியம்னு நேரு அரசாங்கத்த விடாம அடிச்சாரு. வியாபாரிய அவன் போக்குல விடுங்குறதுதான் அவர் பேச்சு.

ஆனா நெடுக்க பாத்தா அவரு ஒரு இடத்துல நிக்கல. 1937ல சேலத்துல மதுவிலக்கு கொண்டுவந்தவரு அவரு, 1971ல அத தள்ளி வைக்கப் போறாங்கன்னதும் 92 வயசுல கலைஞர் வீட்டுக்கே போய் வேணாம்னு கேட்டாரு. அதே மனுஷன் தான் 1939ல ஒதுக்கி வச்ச சாதிக்காரங்க மதுரை மீனாட்சி கோயிலுக்குள்ள நுழைஞ்சதுக்கு சட்டப் பாதுகாப்பு கொடுத்தாரு, அதுக்காக அவர நான் எப்பவும் மதிப்பேன்.

அப்புறம் 1953. குலக்கல்வின்னு பேரு வாங்குன அவரோட பள்ளித் திட்டம். பள்ளிக்கூடம் பத்தல, ரெண்டு ஷிப்ட் போட்டா நெறைய புள்ளைங்க படிக்கும்னு காரணம் சொன்னாங்க. மூணு மணி நேரம் ஸ்கூலு, மிச்ச நேரம் அப்பன் தொழில். எங்க அப்பாவுக்கு அப்ப எட்டு வயசு, தாத்தா முடி வெட்டுறவரு. மதியம் சிலேட்ட திண்ணைல வச்சிட்டு தாத்தாவோட பெட்டிய தூக்கிட்டு வீடு வீடா போவாராம், பெரிய வீட்டுல வாசப்படி ஏற விடாம கொல்லப்பக்கம் உக்கார வைப்பாங்களாம், சவரக்கத்திய வார்ல தீட்டிக் குடுக்கும்போது கூடப் படிக்கிற பையன் அந்த வீட்டு ஜன்னல்ல நின்னு பாப்பானாம். இத சொல்லும்போது இப்பவும் அப்பாவுக்கு கொரல் இறங்கிடும். வியாபாரி என்ன விக்கணும்னு அரசாங்கம் சொல்லக் கூடாதுன்னவரு, நாவிதர் மகன் மத்தியானம் என்ன கத்துக்கணும்னு மட்டும் எப்படி சொன்னாரு? என்னால இத ஏத்துக்கவே முடியல. 1954ல காமராஜர் வந்து அத ரத்து பண்ணாரு, அப்பா முழு நேரம் ஸ்கூலுக்குப் போனாரு.

பாப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் பேனாவ வாங்கி புள்ளி வச்சா, மூணு புள்ளி. கோயிலுக்கு ஒண்ணு மேல, சாராயத்துக்கு ஒண்ணு கீழ, மூணாவத பேப்பரோட அடி ஓரத்துல வச்சு பக்கத்துல 'தாத்தா'ன்னு எழுதினா.