‘ஃபிட் டு பேஜ்’ அமுக்கும் கைகளே, கொஞ்சம் நில்லுங்கள்!

இதைக் கொட்டித் தீர்க்காவிட்டால் எனக்கு இன்று தூக்கம் வராது. பினாங்கில் பிள்ளைகளுக்கு ஓரியண்டியரிங் (வரைபடத்தைப் பார்த்துக் குறித்த இடங்களைத் தேடி ஓடும் விளையாட்டு) நடத்துகிறோம் என்று கிளம்பும் பள்ளிகளையும் சாரணர் குழுக்களையும் இளைஞர் பிரிவுகளையும் கேட்கிறேன். வரைபடத்தின் ஓரத்தில் 1:4000 என்று அச்சடித்துக் கொடுக்கிறீர்களே, அந்தத் தாளை உங்களில் ஒருவராவது ரூலர் வைத்து அளந்து பார்த்ததுண்டா?

தண்ணீர்மலைத் தாவரவியல் பூங்காவில் நடத்துவதற்கான வரைபடம் என் கைக்கு வந்தபோது, ஃபோட்டோஸ்டாட் கடையில் எல்லாத் தாளும் அடித்து, எண்ணி, ரப்பர் பேண்ட் போட்டு முடிந்திருந்தது. ஓரத்தில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போடச் சொல்லியிருந்தேன். அளந்தேன். 9.5 தான் இருந்தது. தாளுக்குள் அடங்கும்படி படத்தைச் சுருக்கி அடிக்கும் ‘ஃபிட் டு பேஜ்’ செய்த வேலை. கடைத் தம்பியைக் கேட்டால், “ஓரம் வெட்டுப்படக் கூடாதுன்னு ஃபிட் டு பேஜ் போட்டேங்க்கா, எல்லாருக்கும் அப்படித்தான் போடுவோம்” என்றார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. கல்யாணப் பத்திரிகையும் அடையாள அட்டை நகலும் அடிக்கிற கடை, அதற்கு அது சரிதான். வேலையைக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அவரோ என்னிடமே திரும்பி, “அஞ்சு பர்சென்ட்தானே டீச்சர், பிள்ளைங்களுக்கு என்ன தெரியவா போவுது?” என்கிறார்.

தெரியாது சார். அதுதான் என் வயிற்றெரிச்சலே! பிள்ளைக்குத் தெரியாது. 1:4000 என்றால் தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 40 மீட்டர் என்று நாம்தான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோம். காலடி எண்ணித் தூரம் அளந்து நடக்கப் பழக்கினோம். 95 சதவீதமாகச் சுருங்கிய தாள் உண்மையில் 1:4200-ஐத் தாண்டிவிட்டது. 10 சென்டிமீட்டர் அளந்து 400 மீட்டர் எண்ணி நிற்கும் பிள்ளைக்கு, கிளைப்பாதை இன்னும் 20 மீட்டருக்குமேல் தள்ளி இருக்கும். மரமும் புதரும் மூடிய இடத்தில் 20 மீட்டருக்கு அப்பால் இருப்பது கண்ணில் படாது. அந்தப் பிள்ளை தாளைச் சந்தேகப்படாது. தான்தான் தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைக்கும். திரும்பி ஓடும், மறுபடி எண்ணும், அழும். ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று வீட்டுக்குப் போய் அடுத்த முறை பெயரே கொடுக்காது. ஒரு பட்டனை அமுக்கியதில் ஒரு பிள்ளையின் தன்னம்பிக்கை போகிறது. உங்களுக்கு அது அஞ்சு பர்சென்ட்!

இது சின்னக் கணக்கு. ஏ3-க்கு 1:7500-இல் போட்ட காட்டு வரைபடத்தைச் செலவு மிச்சம் பண்ணுகிறேன் என்று ஏ4-க்குச் சுருக்கி அடிப்பவர்களையும் பார்த்தாயிற்று. சுமார் 71 சதவீதம் ஆகிவிடும் அது. 1:10,600 பக்கம் போய் நிற்கும். ஆனால் ஓரத்தில் 1:7500 என்றே கூசாமல் எழுதியிருக்கும். 1 சென்டிமீட்டருக்கு 75 மீட்டர் என்று நம்பி ஓடுகிறவன் 106 மீட்டர் ஓட வேண்டும். தெலுக் பஹாங் மாதிரிக் காட்டில், மதியத்துக்கு மேல் மழை கட்டிக்கொண்டு வரும் நேரத்தில், இந்தத் தாளைக் கொடுத்துப் பிள்ளையை உள்ளே அனுப்ப எப்படி மனசு வருகிறது?

அச்சுக் கடைக்கு வருமுன்பே பாதிக் கூத்து கணினியில் நடந்து முடிந்துவிடுகிறது. கோர்ஸ், அதாவது பிள்ளைகள் ஓட வேண்டிய தடம், போடும் மென்பொருள் பெரும்பாலும் இரண்டு எண் கேட்கும். ஒன்று வரைபட அளவு, இன்னொன்று அச்சு அளவு. முதல் எண் நம் விருப்பம் கிடையாது. அந்தக் கோப்பு எந்த அளவில் வரையப்பட்டதோ அதுதான், மாற்ற யாருக்கும் உரிமையில்லை. இரண்டாவது எண்தான் நாம் முடிவு பண்ணுவது, எந்த அளவில் தாளில் வர வேண்டும் என்று. மென்பொருள் செய்வதெல்லாம் முதலாவதை இரண்டாவதால் வகுத்து, அந்த விகிதத்தில் பெரிதாக்குவதோ சிறிதாக்குவதோதான். 1:5000-இல் வரைந்த கோப்புக்கு முதல் கட்டத்தில் 10,000 என்று தட்டி, இரண்டாவதிலும் 10,000 என்று தட்டினால், அது ஒரு மாற்றமும் செய்யாமல் அப்படியே அடிக்கும். 1:5000 தாளின்மேல் 1:10,000 என்று எழுத்து வரும். 3 கிலோமீட்டர் கோர்ஸ் 6 கிலோமீட்டர் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டு ‘பிள்ளைகளுக்கு நீளம் அதிகம்’ என்று கோர்ஸைப் பாதியாக வெட்டியவர்களும் உண்டு. ஐயா, கோர்ஸில் தப்பில்லை, முதல் கட்டத்தில் இருக்கிறது தப்பு!

வரைபடம் வரையும் மென்பொருள்களான ஓகேட், ஓப்பன் ஓரியண்டியரிங் மேப்பர் இவற்றின் கோப்பைக் கொடுத்தால் அளவு அதற்குள்ளேயே இருக்கும், மென்பொருள் தானாக எடுத்துக்கொள்ளும். ஆனால் நமக்கு அது எங்கே கிடைக்கிறது? பிடிஎஃப் வரும். அதற்குத் தாள் எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியும், தரை தெரியாது. அளவை நாம்தான் சொல்ல வேண்டும். அனுப்புகிறவரோ அளவை எழுத மாட்டார். கேட்டால் ‘படத்துலயே இருக்கும் பாருங்க’ என்பார். படத்தில் இருப்பது போன தடவை யாரோ சுருக்கி அடித்தபோது ஒட்டிக்கொண்ட எண்ணாக இருக்கும்.

அதைவிடக் கொடுமை வாட்ஸ்அப்பில் வரும் படம். படக் கோப்புக்கு டிபிஐயும் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) சரியாகச் சொல்ல வேண்டும். 300 டிபிஐயில் ஒரு முழு ஏ4 தாள் 2480-க்கு 3508 புள்ளி. வாட்ஸ்அப் அதைச் சுருக்கி அனுப்புகிறது. பக்கங்கள் பாதியாகிவிட்ட படத்தை அதே 300 டிபிஐ என்று சொல்லி ஏற்றினால், 1:4000 வரைபடம் 1:8000 ஆகிவிடும், படிக்கட்டுக் கோடுகள் எல்லாம் சேறாகக் கலங்கிப்போயிருக்கும். மின்னஞ்சல் என்று ஒன்று இருக்கிறது. டிரைவ் இணைப்பு என்று ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமெண்ட்’ என்று போட்டால் கோப்பு அப்படியே வந்து சேரும். எத்தனை தடவை சொல்வது?

மென்பொருள் எழுதுகிறவர்களையும் விட மாட்டேன். இவ்வளவு முக்கியமான கேள்வியைத் தொடக்கத்தில் ஒரே ஒரு தடவை, விளக்கம் இல்லாமல் கேட்டுவிட்டுப் போய்விடுகிறீர்கள். என்ன எண்ணைத் தட்டினாலும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்கிறீர்கள். ‘உங்களுக்குத் தெரிந்த தூரம் ஒன்றை இதில் அளந்து காட்டுங்கள்’ என்று ஒரு படி வைக்கக் கூடாதா? உலகத் தடகளச் சம்மேளனத்தின் நிலையான 400 மீட்டர் ஓடுதளத்தில் நேர்ப்பகுதி 84.39 மீட்டர். 1:4000-இல் அது 21 மில்லிமீட்டர் வர வேண்டும். வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்தலாமே. பல மென்பொருளில் கோர்ஸ் கோப்புக்குள் வரைபடம் இருக்காது, எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும்தான் இருக்கும். கோர்ஸை மட்டும் அனுப்பிவிட்டு ‘எனக்குத் திறக்குதே’ என்பவர்களைப் பற்றி எழுத இன்னொரு நாள் வேண்டும்.

வட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. அனைத்துலக ஓரியண்டியரிங் சம்மேளனத்தின் விதிப்படி 1:15,000 காட்டு வரைபடத்தில், தேடிப் போக வேண்டிய இடத்தைச் சுற்றிப் போடும் கண்ட்ரோல் வட்டம் 5 மில்லிமீட்டர். அதே வரைபடத்தை 1:10,000-க்குப் பெரிதாக்கினால் குறியீடுகள் எல்லாம் ஒன்றரை மடங்கு ஆக வேண்டும், வட்டம் 7.5. பூங்கா, ஊர்ப்பகுதி மாதிரி இடத்தில் ஓடும் குறுந்தூரப் போட்டிக்கான ஸ்பிரின்ட் வரைபடத்தில் 1:4000-க்கு 6. இது அழகுக்காகச் சொன்ன விதி கிடையாது. அளவைத் தப்பாகக் கொடுத்து, வட்டத்தின் அமைப்பையும் கவனிக்காமல் விட்டால், ஊதா வட்டம் தேட வேண்டிய பாதைச் சந்திப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். பிள்ளை எதைப் பார்த்துத் தேடும்?

நம் ஊரில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒரு டிகிரிகூட விலகுவதில்லை. மற்ற நாட்டுக்காரர்கள் அதைத் திருத்தவே எவ்வளவு பாடுபடுகிறார்கள்! இயற்கை நமக்கு அந்தத் தலைவலியைத் தரவில்லை. மிச்சம் இருப்பது மனிதர்கள் ரூலரை எடுக்கச் சோம்பல்படுகிற தலைவலி மட்டும்தான்.

தாள் போதவில்லையா, மென்பொருளுக்குள் போய் அச்சு அளவை 1:5000 ஆக்குங்கள். தாளில் 1:5000 என்று அதுவே எழுதும். பொய் இல்லை. ஓரம் வெட்டுப்படுகிறதா, வரைபடத்தின் சுற்றுக்கோட்டைச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். அச்சு இயந்திரம் விளிம்புவரை அடிக்காது என்று தெரிந்துதானே இருக்கிறது. கடைக்குக் கோப்பு கொடுக்கும்போது ‘ஆக்சுவல் சைஸ், நூறு பர்சென்ட்’ என்று வாயால் சொல்லுங்கள், தாளிலும் எழுதிக் கொடுங்கள். முதல் தாள் வந்ததும் 10 சென்டிமீட்டர் கோட்டை அளந்துவிட்டு அப்புறம் மற்றதை அடிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிஷ வேலை.

அந்த 9.5 தாள்களை நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. திரும்ப அடிக்க வைத்தேன், காசையும் ஏற்பாட்டாளரிடமே கேட்டு வாங்கினேன். “டீச்சர் ரொம்பக் கண்டிப்பு” என்று பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். அடுத்த போட்டிக்கும் ரூலரோடுதான் வருவேன். 10-க்கு ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் ஸ்டார்ட் மேசையில் அந்தத் தாளை வைக்க விடமாட்டேன்.